தேதி போட்ட வேலை

லிஃப்ட்காரருக்கு விளையாட்டு ஆசை விட்டுப்போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதை வாய்விட்டுச் சொன்னது போன மாதம்தான், அதுவும் மனைவி துருவித் துருவிக் கேட்ட பிறகு.

அவர் வீட்டுப் பின்பக்க அறையில் சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்கக் கேசட். பாட்டுக் கேசட் இல்லை. டிவியில் மாட்டி விளையாடுகிற பழைய வீடியோ கேம் கேசட்டுகள், மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு. அவற்றுக்கு ஐந்து கேம் பெட்டிகள், ஒரு கூடை ஜாய்ஸ்டிக், இதற்கென்றே சாகவிடாமல் வைத்திருந்த ஒரு டப்பா டிவி. ஊரெல்லாம் வேண்டாமென்று தூக்கிப்போட்ட காலத்தில் பழைய சாமான் கடைகளில் குனிந்து குனிந்து பொறுக்கியது. லிஃப்ட்காரருக்கும் அவர் தம்பிக்கும் அது சொத்து, மனைவிக்குத் தூசி. பதினாலு வயது மகளுக்கு அது தனக்குக் கிடைத்திருக்க வேண்டிய அறை.

"உள்ள போய் உக்கார்றீங்க, அஞ்சு நிமிஷத்துல வெளிய வந்துடறீங்க. என்னதாங்க ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. பிடிக்கல."

"எது பிடிக்கல?"

"எதுவுமே. பொத்தான அமுக்கறேன், அது குதிக்குது. குதிச்சா எனக்கென்னன்னு இருக்கு."

மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. காலாவதித் தேதி பார்த்துப் பார்த்துப் பழகிய கண். ஆளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்ப குடுத்துடுங்க. பாப்பா அடுப்படியில உக்காந்து படிக்கிறா. புத்தகமெல்லாம் எண்ணெய்."

"தம்பிகிட்ட கேக்கணும்."

"கேளுங்க. அவரு என்ன மாட்டேன்னா சொல்லப் போறாரு?"

அந்த வீட்டில் தம்பியைப் பற்றி ஒரு குறை சொல்லிவிட முடியாது. ஏழு வருடத்துக்கு முன் பாப்பாவுக்கு விடாத காய்ச்சல் வந்து புருஷனும் பெண்டாட்டியும் பதினோரு நாள் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தபோது, சாவியை வாங்கி வைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்துக்கொண்டது தம்பிதான். காலையில் பிளாஸ்க்கில் டீயோடு வந்து நிற்பான். ஒருநாள் வந்தபோது இரண்டு கண்ணும் ரத்தச் சிவப்பு. ராத்திரி முழுக்க அழுதிருக்கிறான் என்று மனைவி இன்றைக்கும் சொல்லுவாள். "பெத்த அப்பன் கண்ணுலகூட அன்னிக்குத் தண்ணி இல்ல, சித்தப்பன் கண்ண நான் பாத்தேன்" என்று புருஷனைக் குத்துவதற்கும் அது அவளுக்கு உதவியது.

லிஃப்ட்காரர் அழுகிற ஆளில்லைதான். எழுதிவைக்கிற ஆள். லிஃப்ட் பழுதுபார்ப்பது அவர் தொழில். ஒவ்வொரு கட்டடத்திலும் லிஃப்ட் மெஷின் இருக்கும் அறையில் ஒரு அட்டை தொங்கும். கயிறு பார்த்தால் தேதி, எண்ணெய் போட்டால் தேதி, கீழே கையெழுத்து. ஒரு லிஃப்டை இனி ஓட்டவே கூடாது என்று முடிவானால் கடைசி வரியாகத் தேதி போட்டு 'நிறுத்தியாச்சு' என்று எழுதிவிட்டு அட்டையைக் கழற்றிவிடுவார்கள். "தேதி போடாத வேலை செய்யாத வேலை" என்பது அவர் தொழிலில் கற்ற பாடம். அதையே கேசட்டுக்கும் கொண்டுவந்தார்.

பழைய கேசட்டுக்குள் பொத்தான் அளவில் ஒரு பேட்டரி இருக்கும். விளையாட்டில் எதுவரை போனோம் என்பதை அந்தப் பேட்டரிதான் நினைவில் வைத்திருக்கிறது. அது செத்தால் விட்ட இடமும் போச்சு. அதனால் பழைய பேட்டரியை எடுக்கும் முன்பே புதியதைப் பக்கத்தில் ஒயர் போட்டு இணைத்து, ஒரு நொடிகூட மின்சாரம் அறுபடாமல் மாற்றவேண்டும். அண்ணன் பிடித்துக்கொள்ள, தம்பி ஈயம் வைத்துப் பற்றவைப்பான். முடிந்ததும் பேட்டரி மேல் காகித டேப் ஒட்டி, தேதி எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டுத்தான் மூடியைத் திருகுவார்கள். தம்பிக்கு அது கைப்பழக்கமாகவே ஆகிப்போயிற்று. இன்றைக்கு அவனுக்குச் சொந்தமாகச் செல்ஃபோன் ரிப்பேர் கடை இருக்கிறது. அங்கேயும் அவன் திறந்த ஃபோன் ஒவ்வொன்றிலும் டேப், தேதி.

இத்தனையிலும் உயிரானது ஒன்றுண்டு. அவர்கள் அதைத் தீவு கேசட் என்பார்கள். ஏழு தீவு, ஒரு படகு, கடைசியில் கலங்கரை விளக்கத்துக்குக் கீழே ஒரு கதவு. அதில் ஆட்டம் பதிவாகிற கணக்குக்குப் பெயர் கேட்டபோது, எட்டு எழுத்துக்கு மேல் இடமில்லாததால், ஆங்கில எழுத்தில் 'ரெண்டுபேர்' என்று கொடுத்தார்கள். அறுபத்தொரு மணி நேரம் ஆடிக் கதவுவரை வந்து நிறுத்தினார்கள். கதவை இருவரும் சேர்ந்துதான் திறக்கவேண்டும் என்று ஒப்பந்தம். தம்பி இரண்டு வருடம் வெளியூரில் தொழில் பழகப் போனான், அண்ணன் கதவைத் தொடவில்லை. திரும்பிவந்தவன் கடை போடட்டும் என்று தள்ளிப்போயிற்று. பாப்பா தேறி வீட்டுக்கு வந்த அடுத்த மாதம் ஆசையாகக் கேசட்டை மாட்டினால், ரெண்டுபேர் இல்லை. பெயர் இருந்த இடத்தில் வெறும் கோடுகள்.

"பேட்டரி போயிருக்கும்ணா. விடு, முதல்லேருந்து ஆடலாம்" என்று தம்பிதான் தேற்றினான். ஆடினார்கள். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி என்றால் தம்பி வந்துவிடுவான். ஆனால் அன்றைக்கு விட்ட ஆசை முழுசாகத் திரும்பவில்லை. ஐந்து வருடம் இழுத்துக்கோ பறிச்சுக்கோ என்று கிடந்து, ஒருநாள் நின்றேபோனது. வயசாகிறது என்று லிஃப்ட்காரர் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார்.

மழைக்காலம். மழைக்காலத்தில் லிஃப்ட்காரர்களுக்கு மேலேயும் வேலை, கீழேயும் வேலை. காலையிலிருந்து ஒரு ஒன்பது மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள் இறங்கி முழங்கால் தண்ணீரை வாளி வாளியாக மொண்டு வெளியேற்றிவிட்டு, உச்சி மெஷின் அறையில் உட்கார்ந்து ரொட்டியும் முட்டையும் தின்றுகொண்டே தம்பிக்கு ஃபோன் போட்டார்.

"அண்ணா, சாப்பிட்டியா?"

"சாப்பிட்டுக்கிட்டேதான் பேசறேன். கேசட்டெல்லாம் குடுத்துடலாம்னு பாக்கறேன்டா."

"யாருக்கு?"

ஏன் என்று கேட்கவில்லை. யாருக்கு என்று கேட்டான். லிஃப்ட்காரர் அதை அப்போது கவனிக்கவில்லை.

"ஒரு பல் டாக்டர். அவரும் நம்மள மாதிரி பைத்தியம்தான். சனிக்கிழமை பாக்க வர்றாரு."

"வேணாம்ணா."

"எனக்கு மனசு விட்டுப்போச்சுடா. நீ ஞாயித்துக்கிழமை வர்றதுக்காகத்தான் உக்கார்றேன். பாப்பாவுக்கும் ரூம் வேணும்."

"இருபத்தஞ்சு வருஷம்ணா. அதுல பாதி என்னுது இல்லையா? எப்படி உனக்கு மனசு வருது?"

"அப்ப நீ எடுத்துட்டுப் போ. சந்தோஷமா குடுக்கறேன்."

மழை தகரத்தில் அடித்தது. 

"எங்க வீட்ல எங்கண்ணா இடம். சரி, குடுக்கறதுன்னா மொத்தமா மூட்டை கட்டிக் குடுத்துடு. பிரிச்சுப் பாக்க மட்டும் விடாதே. பழைய பிளாஸ்டிக், விரிசல் விட்டுடும்."

ஃபோனை வைத்தபின் மீதி ரொட்டியை மடித்து வைத்துவிட்டார் லிஃப்ட்காரர். கூடப் பிறந்தவன் வயிற்றில் அடிக்கிறோமே என்றிருந்தது. அன்று சாயந்திரம் வேண்டாமென்று சொல்லிவிடலாம் என்று பல் டாக்டரின் எண்ணை இரண்டு தடவை எடுத்தார், இரண்டு தடவையும் அடுப்படியில் குனிந்து எழுதிக்கொண்டிருந்த மகளைப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார்.

சனிக்கிழமை பல் டாக்டர் நெற்றியில் மாட்டுகிற பூதக்கண்ணாடியோடும் சொந்தத் திருப்புளியோடும் வந்தார். ஒல்லியான மனிதர். செருப்பைக் கழற்றும்போதே கண் அலமாரிக்குப் போய்விட்டது.

"பிரிக்காம பாக்கலாமே டாக்டர். தம்பி சொன்னான், விரிசல் விடும்னு."

"வாயத் திறக்காம நான் பல்லு பாத்ததில்ல சார்."

சிரித்துக்கொண்டே திறந்தார். கை மெத்தென்ற கை. இருபது, முப்பது கேசட் திறந்து மூடினார், ஒரு கீறல் இல்லை. டேப்பையும் தேதியையும் கையெழுத்தையும் பார்த்துப் பார்த்து ரசித்தார். "நான் பாக்கற பேஷன்ட்டு யாரும் தன் பல்ல இப்படி வச்சுக்கல" என்றார். லிஃப்ட்காரருக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு நெஞ்சு நிமிர்ந்தது. கண்ணாடிப் பெட்டியில் தனியாக வைத்திருந்த அரிதான ஆறு கேசட்டையும் தானே எடுத்துக் கொடுத்தார். முதலில் தீவு கேசட்.

பல் டாக்டர் திறந்தார். பூதக்கண்ணாடியை இறக்கினார், ஏற்றினார், மறுபடி இறக்கினார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. இது டூப்பு."

"என்ன டாக்டர்?"

"மேல் கூடு ஒரிஜினல். உள்ள போர்டு வேற. பாருங்க, பாதி அளவுதான் இருக்கு. சிப்பு இருக்கவேண்டிய எடத்துல கறுப்பா ஒரு சொட்டு."

லிஃப்ட்காரர் போர்டைக் குனிந்து பார்த்தார். கள்ளச் சரக்கை விற்க உட்கார்ந்தவன் மாதிரி ஆகிவிட்டதே என்று கூசிப்போனார். "நான் இதுல ஒண்ணும் பண்ணல டாக்டர்" என்று சொல்லும்போதே, பண்ணியவன் சொல்லுவதும் இதைத்தான் என்று தோன்றியது. மற்ற ஐந்தையும் அவரே திறந்தார். ஐந்தும் டூப்பு.

"நீங்க பண்ணியிருந்தா நீங்களே எடுத்து என் கையில குடுப்பீங்களா?" என்றார் பல் டாக்டர். "இதுலயும் டேப்பு ஒட்டி தேதி போட்டிருக்கு பாருங்க. ஆனா கையெழுத்து ஒண்ணுதான்."

ஆறிலும் ஒரே தேதி. ஏழு என்ற எண்ணின் நடுவில் ஒரு குறுக்குக் கோடு. அப்படி எழுதுகிற ஆள் அந்தக் குடும்பத்தில் ஒருவன்தான். திருடுகிற நேரத்திலும் கைப்பழக்கம் விடவில்லை அவனை. வேலை முடிந்தது, தேதி போட்டுவிட்டான்.

டீயோடு வந்த மனைவி டேப்பை எட்டிப் பார்த்தாள். தேதிகள் அவளுக்குத் தப்பாது.

"ஏங்க, இது பாப்பா ஆஸ்பத்திரியில இருந்தப்ப. சேத்த அஞ்சாவது நாள்." பிறகு மெதுவாகச் சொன்னாள், "வீட்டுச் சாவி அப்ப யார்கிட்ட இருந்துச்சு?"

அவள் கேட்டது பதில் தெரியாமல் இல்லை. பல் டாக்டர் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தார். மற்றதை அடுத்த சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். வாசல்வரை போனவர் திரும்பினார்.

"இந்த மாதிரி டேப்பு ஒட்டின போர்டு ஒண்ணு என்கிட்ட இருக்குன்னு நினைக்கிறேன் சார். ஒரு ஏஜென்ட் குடுத்தது. பழைய கேசட் வாங்கறவங்க இங்க மொத்தமே நாலு பேருதான், மூணு பேருக்கு நாந்தான் பல்லு பாக்கறேன். என்கிட்ட இல்லேன்னா அவங்ககிட்ட கேட்டுப் பாக்கறேன்."

மறுநாள் மூன்று மணிக்குத் தம்பி வந்தான், நனைந்த தலையோடு, கையில் பிஸ்கட் பாக்கெட்டோடு. பின் அறையில் ஆறு கேசட்டும் திறந்தபடி மேஜை மேல் இருந்தன. பார்த்தான். பிஸ்கட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டான்.

"உக்காரு" என்றார் அண்ணன்.

"அண்ணா..."

"யாருன்னு கேக்கல. எதுக்குன்னு மட்டும் சொல்லு."

"கடைக்கு மைக்ராஸ்கோப் வேணும்னு இருந்துச்சு. அது இல்லாம பெரிய வேலை ஒண்ணும் வராது."

"அந்த மைக்ராஸ்கோப்பா?" லிஃப்ட்காரர் சிரித்துவிட்டார். சிரிப்பு நன்றாக இல்லை. "கடை திறந்தன்னிக்கு முதல்ல என்னைத்தானேடா பாக்கச் சொன்ன. குனிஞ்சு பாத்துட்டு, எந்தம்பி எவ்வளவு பெரிய ஆளா வந்துட்டான்னு நாலு பேருகிட்ட சொன்னேனேடா."

"கேட்டா நீ குடுத்திருப்ப. தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"கேட்டா நீ மூஞ்சியப் பாப்ப. எனக்கு இதுல ஆசை விட்டுப்போச்சுன்னு தெரிஞ்சிடும்." தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "வெளியூர்ல இருக்கும்போதே விட்டுப்போச்சுண்ணா. உன்கிட்ட சொல்ல வாய் வரல."

"அப்ப இத்தன வருஷமா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்து உக்காந்தது?"

"நீ ஆசையா காத்துக்கிட்டு இருந்த."

"ஜெயிச்சா கத்துவியே. என் முதுகுல தட்டுவியே."

 அடுப்படியில் மனைவி பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றிருந்தது. லிஃப்ட்காரருக்குப் போர்டு போனது கூடப் பெரிதாகப் படவில்லை அந்த நேரத்தில். உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்று ஊர் சொல்லும். அதற்குக்கூட ஒரு பெயர் இருக்கிறது. முந்நூறு ஞாயிற்றுக்கிழமை ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்து சந்தோஷமாக நடித்ததற்கு என்ன பெயர் வைப்பது? தனக்குக் கடைசி இரண்டு வருடம் அதே நடிப்புத்தான் என்பது ஞாபகம் வந்தது. அது கொஞ்சம் வாயை அடைத்தது. ஆனாலும் கடைசியிலாவது ஃபோன் எடுத்துச் சொன்னோமே என்று மனசு கணக்குப் பார்த்தது.

"சரி. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்" என்றார். "குடுக்கறதுக்கு முன்னாடி அந்தக் கதவ..."

"இல்லண்ணா."

"திறக்கலையே?"

"தொடவே இல்லண்ணா. பாப்பா மேல சத்தியமா. அப்படியே கழட்டிக் குடுத்துட்டேன்."

 லிஃப்ட்காரர் எழுந்து தம்பி கையிலிருந்த பிஸ்கட்டை வாங்கினார். "தலையத் துவட்டு. சளி பிடிக்கும்" என்றார். "அடுத்த ஞாயித்துக்கிழமை சும்மா வா. விளையாட வேணாம். டீ குடிச்சுட்டுப் போ."

தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அன்று அவன் படியிறங்கிப் போனபோது குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடியவர் அவர்தான். மனைவி இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. "உங்களுக்கு வெக்கமும் இல்ல, ரோஷமும் இல்ல" என்றாள். "கதவுன்னு ஒண்ணு இருந்துச்சு, அத அவன் தொடல. எனக்கு அது போதும்" என்றார். கதவா, எந்தக் கதவு என்று அவளுக்கு விளங்கவில்லை. விளக்கவும் அவருக்குத் தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை பல் டாக்டர் வேனோடு வந்தார். அட்டைப்பெட்டிகள் ஏறின. அலமாரி வெறிச்சோடியது. மகள் அப்போதே அளவு நாடாவோடு சுவரை அளந்துகொண்டிருந்தாள். டப்பா டிவியைக் கழற்றப் போனபோது பல் டாக்டர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அத கடைசியா எடுக்கலாம் சார். உங்களுக்கு ஒண்ணு கொண்டுவந்திருக்கேன்."

பையிலிருந்து புதுக் கூடு போட்ட ஒரு வெள்ளைக் கேசட்டை எடுத்துத் திறந்து காட்டினார். தடித்த பச்சைப் போர்டு. பேட்டரி மேல் மஞ்சளாகிப்போன டேப். இரண்டு கையெழுத்து.

"உள்ள இருந்த கணக்க நான் அழிக்கல. யாரோ ரெண்டு பேரு ஆசையா ஆடினதுன்னு தோணுச்சு. வந்தது எப்படியோ அப்படியே இருக்கு. பேட்டரி இன்னும் உயிரோட இருக்கு, நல்லா பத்தவச்சிருக்கீங்க."

லிஃப்ட்காரர் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். கை தானாகப் பொத்தானைத் தேடியது. இரண்டு வருடமாக வராத படபடப்பு நெஞ்சில் வந்தது. ஆசை சாகவில்லை, அது இந்தப் போர்டோடு போய் யார் வீட்டிலோ உட்கார்ந்திருந்தது என்று நினைத்தார். படகு வந்தது, கடல் வந்தது, கணக்குகளின் பட்டியல் வந்தது.

ரெண்டுபேர் இருந்தது.

பக்கத்தில் ஒரு நட்சத்திரம். கடைசிக் கதவைத் திறந்து ஆட்டத்தை முடித்தவர்களுக்கு மட்டும் விழுகிற நட்சத்திரம். கீழே நேரம்: அறுபத்துநாலு மணி.

"முடிச்சிட்டீங்க போல" என்றார் பல் டாக்டர், சந்தோஷமாகத்தான்.

"ஆமா" என்றார் லிஃப்ட்காரர். "அறுபத்தொண்ணுக்கு மேல மூணு மணி நேரம் ஆகியிருக்கு."

பிளாஸ்க்கோடு ஆஸ்பத்திரி வாசலில் நின்ற அந்த ரத்தச் சிவப்புக் கண்கள் அவருக்கு நினைவுக்கு வந்தன. அழுத கண் என்று மனைவி ஏழு வருடமாகக் கொண்டாடுகிற கண். அதை அவளிடம் சொல்லவேண்டாம் என்று அந்த நொடியிலேயே முடிவுசெய்துகொண்டார். அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்த மகளைப் பார்த்தார். இவள் தலையில் கைவைக்காத குறையாகத்தானே சத்தியம் பண்ணினான் என்று நினைத்தார்.

"இத நீங்களே வச்சுக்கிறீங்களா சார்? சும்மாவே தர்றேன்."

"வேணாம் டாக்டர். எடுத்துட்டுப் போங்க. டிவியையும்தான்."

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குக் கதவு தட்டியது. லிஃப்ட்காரரே போய்த் திறந்தார். தம்பி குடையைத் திருப்பிக் கொண்டுவந்திருந்தான். அண்ணன் உள்ளே வா என்று சொல்லவில்லை. குடையை வாங்கிக்கொண்டு, வாசல் பக்கம் தயாராக வைத்திருந்த பிஸ்கட் டப்பாவை அவன் கையில் கொடுத்தார். உள்ளே ஆறு டூப்புக் கேசட். மூடி மேல் காகித டேப். அதில் அன்றைய தேதி, 'நிறுத்தியாச்சு' என்று ஒரு சொல், கீழே ஒரு கையெழுத்து.

தம்பி அதைப் படித்தான். லிஃப்டுக்கு என்றைக்கு அப்படி எழுதுவார்கள் என்று அவனுக்குத் தெரியும்.

"என்னண்ணா இது? போன வாரம் பேசி முடிச்சுட்டோமே."

"அறுபத்துநாலு மணி நேரம்" என்றார் அண்ணன்.

தம்பியின் முகம் மாறியது.  மழை படிக்கட்டுவரை சாரல் அடித்தது.

"யாருங்க, தம்பியா?" உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. கோபம் தணிந்த குரல். "தண்ணி கொதிச்சுடுச்சு. டீ குடிச்சுட்டுப் போகச் சொல்லுங்க."

தம்பி நகரவில்லை. டப்பாவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அவன் கிளம்பிட்டான்" என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டு, லிஃப்ட்காரர் கதவைச் சாத்தினார்.